பனாவே: கற்சுவர் இடிந்தால் யார் கட்டுவது?

4 பிப்ரவரி 2024, வாசகர் கேள்வி

பிலிப்பைன்ஸில் பனாவே என்ற ஊரில் 2000 வருடப் பழமையான படிவயல்கள் இருப்பதாகப் படித்தேன். யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறதாம். அதைப் பராமரிப்பது ஒரு சின்ன முனிசிபாலிட்டி என்றும் போட்டிருந்தது. இவ்வளவு பெரிய சொத்தை ஒரு ஏழை ஊர் எப்படிக் காப்பாற்றும்? மத்திய அரசே எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே?

4 பிப்ரவரி 2024, இரவு

கேள்வியில் மூன்று செய்திகள் இருக்கின்றன. மூன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வயதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். முதலில் யுனெஸ்கோ.

1995-ல் பட்டியலில் சேர்ந்தது "பிலிப்பைன் கார்டிலேரா மலைகளின் நெல் படிவயல்கள்". அது ஒரே இடம் அல்ல, ஐந்து தொகுதிகள்: படாட், பங்கான், ஹுங்டுவான், மயோயாவ், நகாகடான். எல்லாமே இஃபுகாவ் மாகாணத்துக்குள் வருபவை. இவற்றில் படாடும் பங்கானும் மட்டுமே பனாவே முனிசிபாலிட்டியைச் சேர்ந்தவை. நீங்கள் படத்தில் பார்த்திருப்பது பெரும்பாலும் ஊருக்கு மேலே சாலையோரக் காட்சிமுனையிலிருந்து தெரியும் பள்ளத்தாக்கு. 1991-ல் வந்த 1000 பெசோ நோட்டின் பின்பக்கத்திலும், 2010-க்குப் பிறகு வந்த 20 பெசோ நோட்டிலும் இருப்பது பனாவே வயல்கள்தான். ஆனால் அந்தக் காட்சிமுனைப் பள்ளத்தாக்கு யுனெஸ்கோ பட்டியலில் இல்லை. வயல்களுக்கு நடுவே தகரக்கூரையும் சிமென்ட் மாடியும் ஏறிவிட்டதுதான் தடை. நாட்டுக்குள் மட்டும் 1973-லேயே தேசியப் பண்பாட்டுச் சொத்து என்று ஆணை போட்டுவிட்டார்கள்.

அடுத்து, "முனிசிபாலிட்டி பராமரிக்கிறது" என்பது. இல்லை. ஒவ்வொரு வயலுக்கும் சொந்தக்காரர் உண்டு. சுவரைக் கட்டுவதும் வாய்க்கால் தூர்வாருவதும் களை பிடுங்குவதும் அந்தக் குடும்பங்கள்தான். அரசு அதற்குப் பக்கத்தில் நிற்கிறது, அவ்வளவுதான். எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது என்பதுதான் பேச வேண்டிய விஷயம்.

5 பிப்ரவரி 2024

ஊர் எங்கே இருக்கிறது என்று சொல்லாமல் ஆரம்பித்துவிட்டேன் என்கிறார் ஒருவர். சரி.

லூசோன் தீவின் வடக்கே, கார்டிலேரா மலைத்தொடர். மணிலாவில் இரவு பஸ் ஏறினால் காலையில் பனாவே. இஃபுகாவ் மாகாணத்தில் 11 முனிசிபாலிட்டிகள், நகர அந்தஸ்து பெற்ற ஊர் ஒன்றுகூடக் கிடையாது. மாகாணத் தலைநகர் லகாவே. வெளியாட்களுக்குத் தெரிந்த பெயர் பனாவே என்பதால் பலரும் அதையே தலைநகர் என்று நினைக்கிறார்கள்.

பனாவேயில் 18 பரங்காய்கள், அதாவது உள்ளாட்சியின் கடைசி அடுக்கான ஊர்கள். கடைவீதி, பஸ் நிற்கும் இடம், முனிசிபல் கட்டடம் எல்லாம் பொப்லசியோன் என்ற பரங்காயில். ஸ்பானியர் விட்டுப்போன பெயர் அது, பிலிப்பைன்ஸில் ஊருக்கு ஊர் ஒரு பொப்லசியோன் உண்டு. மற்ற பரங்காய்கள் மலைமடிப்புகளுக்குள் சிதறிக் கிடக்கின்றன. படாடுக்குக் குறிப்பிட்ட தூரம்வரை ஜீப்னி (பயணிகளை ஏற்றும் நீள ஜீப்) போகும், மிச்சம் நடை. கம்புலோவும் புலாவும் அதற்கும் அப்பால். 2020 கணக்கெடுப்பில் மொத்த மக்கள்தொகை 20 ஆயிரத்துச் சொச்சம், முந்தைய கணக்கெடுப்பைவிடக் குறைவு. வருமான வரிசையில் அப்போது 4-ஆம் வகுப்பு முனிசிபாலிட்டி.

நான் லாஸ் பானியோஸில் நெல் ஆராய்ச்சி வேலையாகச் சில வருடம் இருந்தேன். (எம். எஸ். சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை தலைமை இயக்குநராக இருந்த சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் இருப்பது அதே ஊரில்தான். நம் ஆட்கள் அங்கே எப்போதும் உண்டு.) சமவெளியில் வருடம் இரண்டு போகம், மூன்று போகம் எடுக்கும் நெல்லையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, வருடத்துக்கு ஒரே போகம் தரும் தினாவோன் நெல்லைப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்து மலைக்குப் போனேன். பிறகு போவது வழக்கமாகிவிட்டது.

5 பிப்ரவரி 2024, மாலை

"பரங்காய் என்றால் நம்மூர்க் கிராம ஊராட்சிதானே?"

கிட்டத்தட்ட. ஆனால் அது முனிசிபாலிட்டிக்குள் அடங்கிய அடுக்கு. மாகாணம், அதற்குள் முனிசிபாலிட்டி, அதற்குள் பரங்காய். பரங்காய்த் தலைவரும் ஏழு உறுப்பினர்களும் இளைஞர் மன்றத் தலைவரும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். முனிசிபாலிட்டியில் மேயர், துணை மேயர், எட்டு கவுன்சிலர்கள், மூன்று வருடப் பதவி, தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் ஒரே பதவியில் இருக்க முடியாது. இதுபோன்ற பழங்குடிப் பகுதிகளில் கவுன்சிலில் பழங்குடியினருக்கென ஒரு கட்டாய உறுப்பினரும் உண்டு, 1997 சட்டப்படி.

1991 உள்ளாட்சிச் சட்டம் விவசாய அலுவலர், சுகாதார நிலையம், சமூக நலம் எல்லாவற்றையும் முனிசிபாலிட்டி தலையில் இறக்கி வைத்தது. வேலை இறங்கிய அளவுக்குப் பணம் இறங்கவில்லை என்பது அந்த நாடு முழுக்கக் கேட்கும் புலம்பல். பணக் கணக்குக்குப் பிறகு வருகிறேன்.

7 பிப்ரவரி 2024

இப்போது வயது.

2000 வருடம், 3000 வருடம் என்று சொன்னவர் ஓட்லி பேயர் என்ற அமெரிக்க மானுடவியலாளர். 1900களின் தொடக்கத்தில் ஆசிரியராக வந்து இஃபுகாவ் மக்களிடையே வாழ்ந்தவர். இவ்வளவு மலையைச் செதுக்க இவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்ற ஊகக் கணக்குதான் அது. மண்ணைத் தோண்டி எடுத்த சான்று அல்ல. பாடப்புத்தகமும் சுற்றுலாத் துறையும் அதைப் பிடித்துக்கொண்டன.

பிற்பாடு ஸ்டீபன் அகபாடோ என்ற பிலிப்பினோ தொல்லியலாளர் கரிமக் காலக்கணிப்பு செய்தார். பனாவேயின் போகோஸ் பகுதியில் எடுத்த மாதிரிகளும், அதே மாகாணத்தின் கியாங்கான் அருகே பழைய கிராமத்தில் செய்த அகழாய்வும் வேறு கதை சொல்கின்றன. அங்கே முதலில் இருந்தது சேப்பங்கிழங்கு. நீர் தேக்கிச் செய்யும் நெல் சாகுபடி பெரிய அளவில் வருவது சுமார் 1600களில். அதாவது ஸ்பானியர்கள் கீழே மகாட் பள்ளத்தாக்குக்குள் நுழைந்த காலம். அடிமைப்பட விரும்பாதவர்கள் மேலே ஏறினார்கள், ஏறிய இடத்தில் ஆட்களைத் திரட்டி வேகமாக வயல் வெட்டினார்கள் என்பது அவர் வாதம். ஃபெலிக்ஸ் கீசிங் என்பவர் 1960களிலேயே கீழிருந்து மேலே நடந்த இடப்பெயர்ச்சி என்று ஊகித்திருந்தார்.

இதை ஏற்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பனாவேயிலேயே முன்பு எடுத்த வேறு சில மாதிரிகள் இன்னும் பழைய தேதிகளைக் கொடுத்ததுண்டு. எனக்கு அகபாடோ பக்கம்தான் பலமாகத் தெரிகிறது.

7 பிப்ரவரி 2024, கொஞ்ச நேரம் கழித்து

"அப்போ 400 வருடம்தானா, சே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தம்பி, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 2000 வருடம் என்றால் தலைமுறைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கிக்கொண்டே இருந்தார்கள் என்று அர்த்தம். சில நூறு வருடத்துக்குள் என்றால், ராஜாவும் இல்லாமல் வரி வாங்கும் அரசும் இல்லாமல் மலைமலையாக வெட்டி முடித்திருக்கிறார்கள். எதிரில் ஒரு பேரரசு துப்பாக்கியோடு நிற்கும்போது. எனக்கு இரண்டாவதுதான் பெரிய சாதனையாகப் படுகிறது. ஸ்பானியர்கள் முந்நூறு வருடத்துக்கு மேல் அந்த நாட்டை ஆண்டும் இந்த மலையில் நிலையாகக் காலூன்ற முடியவில்லை. 1800களின் கடைசியில்தான் கியாங்கானில் ஒரு படைமுகாம் போட முடிந்தது.

11 பிப்ரவரி 2024

தலைப்பில் இருக்கும் கேள்விக்கு வருகிறேன். இது நீளமாக இருக்கும்.

கம்புலோவில் தங்கியிருந்தபோது ராத்திரி முழுக்க மழை. காலையில் எழுந்து பார்த்தால் எதிர்ச்சரிவில் ஒரு வயலின் சுவர் வாய்பிளந்து சரிந்து, கீழே இரண்டு வயல் வரைக்கும் கல்லும் சேறும். நட்டுச் சில வாரமே ஆன பயிர். நான் தங்கியிருந்த வீட்டுப் பாட்டி முதலில் பார்த்தது சுவரை அல்ல, மேலே இருந்த மதகை. பேரனை அனுப்பி வாய்க்காலைத் திருப்பிவிடச் சொன்னார். மேல் வயலிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தால் சரிவு நிற்காது. தண்ணீரைத் திருப்பிய பிறகுதான் யாருடைய வயல் என்ற பேச்சே வந்தது.

இரண்டு நாளில் ஆட்கள் கூடிவிட்டார்கள். கூலி கிடையாது. இன்று உன் வயலுக்கு நான், நாளை என் வயலுக்கு நீ. சாப்பாடும் அரிசிக் கள்ளும் வயல்காரர் பொறுப்பு. கல்லைக் கீழிருந்து கைமாற்றிக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். அதைவிட என்னை அசத்தியது மண் நிரப்பிய விதம். கூடையில் சுமக்கவில்லை. மேலே சரிவை வெட்டி, அதன் மேல் வாய்க்கால் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். தண்ணீரே மண்ணைக் கரைத்துக் கொண்டுவந்து சுவருக்குப் பின்னால் படிய வைத்தது. பெருங்கல் அடியில், அதன்மேல் சரளை, அதன்மேல் களிமண், கடைசியில் சேற்று மேல்மண். சுவரைக் கட்டும் தண்ணீரும் சுவரை உடைத்த தண்ணீரும் ஒரே வாய்க்காலில் வந்தவை.

அந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மேலே இருக்கும் முயோங்கிலிருந்து. முயோங் என்பது குடும்பங்கள் சொந்தமாக வைத்திருக்கும் மலைக்காடு. விறகு, வீட்டு மரம், மருந்துச் செடி, பாக்கு, பிரம்பு எல்லாம் அங்கிருந்துதான். முக்கியமாக மழையைப் பிடித்து வைத்து வருடம் முழுக்கக் கசிய விடுவது அது. முயோங்கை வெட்டி மொட்டையாக்கினால் பத்து வயல் தள்ளி இருப்பவனுக்குத் தண்ணீர் வராமல் போகும். அதனால் சொந்தக் காடு என்றாலும் ஊர்க் கண் அதன்மேல் இருந்துகொண்டே இருக்கும்.

பரங்காய்த் தலைவர் அங்கே வந்தார். மேற்பார்வை பார்க்க அல்ல, கல் தூக்க. சுவருக்கு நிவாரணம் கிடைக்குமா என்று நான் கேட்டேன். பயிர்ச் சேதத்துக்கு விண்ணப்பிக்கலாம், சுவருக்கு எந்தத் தலைப்பில் கேட்பது என்று அவருக்கே தெளிவில்லை. ஒரு அலுவலகத்துக்குக் கடிதம் போயிற்று. நான் கிளம்பும்வரை பதில் வரவில்லை. சுவர் அதற்குள் எழும்பிவிட்டது.

12 பிப்ரவரி 2024

நேற்றையதைத் திரும்பப் படித்தேன். "ஊர் கூடித் தேர் இழுத்த" கதை மாதிரி தொனிக்கிறது, அதோடு நிறுத்தினால் நியாயமாக இருக்காது. அன்று கூடியவர்களில் பாதிப் பேருக்கு ஐம்பது வயதுக்கு மேல். இளைஞர்கள் பாகியோவில், மணிலாவில், சவுதியில். சுவர் கட்டத் தெரிந்த கைகள் குறைகின்றன. 2001-ல் இந்தப் படிவயல்கள் யுனெஸ்கோவின் ஆபத்துப் பட்டியலுக்குப் போனதற்கு முதல் காரணமே வயல்கள் கைவிடப்பட்டதுதான். 2012-ல்தான் அந்தப் பட்டியலிலிருந்து வெளியே வந்தன. கைவிட்ட வயலில் தண்ணீர் நிற்காது, மண் வெடிக்கும், மண்புழு துளைக்கும், அடுத்த மழையில் சுவர் இறங்கும். ஒரு வயல் காய்ந்தால் அதன் கீழ் வயலுக்கும் ஆபத்து.

1980களில் உணவுக்காகக் கொண்டுவந்த கோல்டன் ஆப்பிள் நத்தை இன்னொரு தொல்லை. இளநாற்றை ராவோடு ராவாகத் தின்றுவிடும்.

16 பிப்ரவரி 2024

"வாரிசுகள் பங்கு பிரித்து வயல் துண்டு துண்டாகப் போயிருக்குமே?" என்ற கேள்வி நல்ல கேள்வி.

பழைய வழக்கப்படி போகாது. இஃபுகாவில் மூத்த பிள்ளைக்கு, ஆணோ பெண்ணோ, பெரும்பங்கு வயல். அடுத்ததற்கு மிச்சம் இருந்தால். கடைசிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஒன்றும் இல்லை. கியாங்கானில் ஆசிரியராக இருந்த ராய் பார்ட்டன் 1919-லேயே இந்த வழக்குகளை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். வயல் துண்டாகாமல் நின்றது இதனால்தான். இளையவர்கள் ஊரைவிட்டுப் போவதும் இதனால்தான். ஒரே விதி வயலைக் காக்கிறது, வயலுக்கு வேண்டிய ஆளை வெளியே தள்ளுகிறது. இதற்கு வெளியிலிருந்து யாரும் சுலபமாக மருந்து சொல்லிவிட முடியாது.

16 பிப்ரவரி 2024, இரவு

பட்டா பற்றியும் கேட்டிருக்கிறார்கள். இதுதான் எனக்குக் கோபம் வரும் இடம்.

1975-ல் வந்த வனச் சட்ட ஆணைப்படி 18 சதவீதச் சரிவுக்கு மேல் உள்ள நிலம் காட்டு நிலம், தனியாருக்குப் பட்டா கிடையாது. படிவயல் எங்கே இருக்கிறது? சரிவில். ஆக, ஒரு பக்கம் 1973-ல் தேசியச் சொத்து என்று புகழ்ந்த அரசு, இன்னொரு பக்கம் இரண்டே வருடத்தில் அதை வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அதில் உரிமைப் பத்திரம் கிடையாது என்று எழுதி வைத்தது. மக்கள் கையில் இருந்தது வரி கட்டிய ரசீதும் ஊர் ஞாபகமும்தான். பத்திரம் இல்லாத வயலை வைத்து வங்கியில் கடன் கேட்க முடியுமா?

1997 பழங்குடி உரிமைச் சட்டம் இதைத் திருத்தியது. தனியாருடைய பூர்விக நிலம் விவசாயத்தில் இருந்தால், 18 சதவீதத்துக்கு மேல் சரிவானாலும் பட்டா பெறலாம் என்றது. ஆனால் அந்த வாய்ப்புக்கு 20 வருடக் கெடு இருந்தது. மலைக்குள் நடந்து போய் நிலம் அளந்து, சாட்சி சேர்த்து, கோப்பு நகர்ந்து முடிய 20 வருடம் போதாது என்பது அந்தப் பக்கம் ஒருமுறை ஜீப்னியில் போய் வந்தவருக்குக்கூடத் தெரியும்.

20 பிப்ரவரி 2024

வரப்புத் தகராறு வந்தால்?

இஃபுகாவில் தலைவன் என்று ஒருவன் கிடையாது. கடாங்யான் என்ற பணக்காரக் குடும்பங்கள் உண்டு, விருந்து போட்டு அந்தஸ்து பெறுவார்கள், ஆனால் உத்தரவு போட முடியாது. வழக்கு என்று வந்தால் மோன்கலுன் என்ற நடுவர். இரண்டு பக்கத்துக்கும் மாறி மாறி நடப்பார். அவர் நடந்துகொண்டிருக்கும் வரை எதிராளிகள் மோதிக்கொள்ளக் கூடாது. தீர்ப்பு சொல்வது அவர் வேலை இல்லை, இரு தரப்பையும் ஒரு தொகைக்கோ ஒரு பன்றிக்கோ சம்மதிக்க வைப்பதுதான்.

இன்றைக்குச் சட்டப்படி சில்லறை வழக்குகள் நேராக நீதிமன்றம் போக முடியாது. முதலில் பரங்காய்த் தலைவர் முன் சமரசம். 15 நாளில் முடியாவிட்டால் மூன்று பேர் குழு. அங்கும் முடியவில்லை என்று சான்று வாங்கிய பிறகுதான் கோர்ட். பழங்குடிப் பகுதிகளில் அவர்கள் வழக்கமே செல்லும் என்று 1991 சட்டத்திலேயே இருக்கிறது. அதனால் மலையில் இந்தச் சமரசக் குழு ஒட்டவைத்தது போல இல்லை. பழைய மோன்கலுன் குடும்பத்துப் பெரியவர் அதே வேலையைப் பரங்காய் மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து செய்வதை நான் பார்த்திருக்கிறேன். வழக்கு இரண்டு வயலுக்கு நடுவே ஒரு மூங்கில் குழாய் பற்றியது. மதியச் சாப்பாட்டுக்கு முன் தீர்ந்துவிட்டது.

3 மார்ச் 2024

பணக் கணக்கு. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

மத்திய வரியில் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு. அதில் மாகாணங்களுக்கு 23, நகரங்களுக்கு 23, முனிசிபாலிட்டிகளுக்கு 34, பரங்காய்களுக்கு 20. எந்தெந்த வரியைக் கணக்கில் எடுப்பது என்று ஒரு வழக்கு நடந்து, 2018-ல் உச்ச நீதிமன்றம் சுங்கவரி உட்பட எல்லாவற்றையும் சேர்க்கச் சொன்னது. 2022 முதல் தொகை கூடியது.

ஒரு முனிசிபாலிட்டிக்கு அந்த 34-லிருந்து எவ்வளவு என்று எப்படி முடிவாகிறது? பாதி மக்கள்தொகையை வைத்து, கால்வாசி நிலப்பரப்பை வைத்து, கால்வாசி எல்லோருக்கும் சமமாக. பரங்காய்க்கு 60 சதவீதம் மக்கள்தொகை, 40 சதவீதம் சமபங்கு, நிலப்பரப்புக்கு இடமே இல்லை.

இப்போது கம்புலோவை நினைத்துப் பாருங்கள். இளைஞர்கள் வெளியே போகப் போக பங்கு குறையும். ஆனால் சுவரின் நீளம் குறையாது. ஆள் குறைந்த அதே காரணத்தால்தான் சுவருக்கு வெளி உதவி அதிகமாகத் தேவைப்படுகிறது, சரியாக அந்த நேரத்தில் சூத்திரம் பணத்தையும் குறைக்கிறது. சமவெளியில் தலை எண்ணிப் பணம் கொடுப்பது நியாயம். படிவயல் ஊருக்கு அது பொருந்தாது. பராமரிக்க வேண்டிய வயல் பரப்பையும் ஒரு கணக்காகச் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

4 மார்ச் 2024

"சுற்றுலாவில்தான் கொட்டுமே?"

கொட்டுகிறது, பொப்லசியோனில். விடுதி, வழிகாட்டி, ஜீப்னி, மரச்சிற்பக் கடை. வயல்காரர் வழிகாட்டியாகவும் இருந்தால் அவருக்கும் கிடைக்கும். ஆனால் வழிகாட்டி வேலைக்குப் போகிற நாள் வயலில் ஆள் இல்லாத நாள். மரச்சிற்பத்துக்கு மரமும் முயோங்கிலிருந்துதான் வர வேண்டும்.

படாடில் உங்கள் படத்துக்காக வரப்பில் நடக்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அது பாதை அல்ல, ஒருவருடைய சுவரின் உச்சி. விளிம்புக் கல்லில் மிதிக்காமல் உள்பக்கமாக நடங்கள்.

9 மார்ச் 2024

வெள்ளத்தைப் பற்றி ஒருவர் கேட்டதால். 7 ஜூலை 2022 அன்று பனாவே ஊருக்குள்ளேயே வெள்ளமும் சேறும் புகுந்தது. கடைவீதி சேற்றில் மூழ்கிய வீடியோக்கள் இன்னும் கிடைக்கும். 2010 பேரிடர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியும் வருமானத்தில் குறைந்தது 5 சதவீதம் பேரிடருக்கு ஒதுக்க வேண்டும், அதில் 30 சதவீதம் அவசரச் செலவுக்கு. சட்டம் நல்லது. ஆனால் சிறிய வருமானத்தில் 5 சதவீதம் சிறிய தொகைதான், மலைச்சாலையில் ஒரு சரிவை அகற்றவே அது போய்விடும்.

10 மார்ச் 2024

தன்னாட்சி ஏன் கேட்கவில்லை என்கிறீர்கள். கேட்டார்கள்!

இஃபுகாவ் தனி மாகாணமானது 18 ஜூன் 1966. அதற்கு முன் அமெரிக்கர்கள் 1908-ல் உருவாக்கிய பெரிய மலை மாகாணத்தின் ஒரு துண்டு. 1987-ல் கார்டிலேரா நிர்வாக மண்டலம் வந்தது, அரசியல் சாசனமும் தன்னாட்சிக்கு இடம் கொடுத்தது. 1990-ல் பொதுவாக்கெடுப்பு. மற்ற எல்லா மாகாணங்களும் பாகியோ நகரமும் வேண்டாம் என்றன. இஃபுகாவ் மட்டும் வேண்டும் என்றது. அந்த ஒரு மாகாணத்தை மட்டும் வைத்துத் தன்னாட்சி மண்டலம் அமைக்க முடியுமா என்று வழக்கு. ஒரு மாகாணம் மண்டலம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் அதே வருடம் சொல்லிவிட்டது. 1998-ல் மறுபடி வாக்கெடுப்பு, அப்போது ஆமாம் என்றது அபயாவ் மாகாணம் மட்டும்.

1990-ல் இஃபுகாவ் ஏன் தனித்து ஆமாம் என்றது என்பதற்கு எனக்குக் கிடைத்த பதில்கள் ஆளுக்கு ஒன்று. எனக்குப் படுவது, தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்ட பழக்கம் அங்கே ஆழமானது.

22 ஜூலை 2024

பல மாதம் கழித்து இந்த இழைக்கு வருகிறேன். இப்போது அங்கே அறுப்புக் காலம், அதனால் ஞாபகம் வந்தது.

மேலே பரங்காய், முனிசிபாலிட்டி என்று எழுதியதில் ஓர் அடுக்கு விட்டுப்போயிற்று. ஹெரால்ட் கான்க்ளின் என்ற மானுடவியலாளர் 1960களிலிருந்து பனாவேயின் பைனினான் பகுதியை வயல் வயலாக வரைபடமாக்கினார். அவர் காட்டியது என்னவென்றால், பள்ளத்தாக்கு முழுவதும் விவசாய வட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு முதல் வயல். அந்த வயலில் முதலில் நட வேண்டும், முதலில் அறுக்க வேண்டும், பிறகுதான் மற்றவர்கள். சடங்கு போலத் தெரிந்தாலும் தண்ணீர்ப் பங்கீடும் பூச்சிக் கட்டுப்பாடும் அதற்குள் அடங்கியிருக்கின்றன. எல்லோரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நட்டால் எலிக்கும் பூச்சிக்கும் வருடம் முழுக்கத் தீனி கிடைக்காது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒத்திசைந்த நடவு என்று பரிந்துரை எழுதுவோம், அது அங்கே ஏற்கனவே நடந்துகொண்டிருந்தது.

அறுப்பு முடிந்ததும் வயலில் யாரும் கால் வைக்கக் கூடாத ஓய்வு நாள் ஒன்றும் உண்டு. அறுக்கும்போது பெண்கள் பாடும் ஹுதுஹுத் நெடும்பாட்டை 2001-ல் யுனெஸ்கோ தனியாக அங்கீகரித்தது. விதைநெல் தேர்வும் பெண்கள் கையில். அறுப்புக்கு முன்னாலேயே வயதில் மூத்த பெண் ஒருத்தி வயலுக்குள் இறங்கி, கதிர் கதிராகப் பார்த்து எடுப்பார். அரை நாள் கூடவே நடந்தும் அவர் எதைத் தள்ளுகிறார், எதை எடுக்கிறார் என்று எனக்குப் பிடிபடவில்லை.

இந்த விவசாய வட்டங்களின் எல்லை வாய்க்காலை ஒட்டி இருக்கிறது. பரங்காய் எல்லை அப்படி இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அரசுத் திட்டம் பரங்காய் வழியாக வருகிறது. அதனால் ஒரே வாய்க்காலின் தலைப்பகுதி ஒரு பரங்காயில் பழுதுபார்க்கப்பட்டு, வால்பகுதி அடுத்த பரங்காயில் அப்படியே கிடக்கலாம்.

23 ஜூலை 2024

முதலில் கேட்டவரே திரும்ப வந்து, "அப்படியானால் மத்திய அரசு எதுவுமே செய்யவில்லையா?" என்கிறார்.

செய்தது. 1994-ல் படிவயல்களுக்கென ஓர் ஆணையம், 1999-ல் அதற்குப் பதில் ஒரு பணிக்குழு, 2002-ல் அதுவும் கலைப்பு. அதன்பின் பொறுப்பு மாகாண அரசிடம். ஆட்சி மாறும்போதெல்லாம் பலகை மாறியது. ஆபத்துப் பட்டியலிலிருந்து வெளியே வந்ததற்கு மாகாணமும், உள்ளூர்த் தன்னார்வ அமைப்புகளும், வாய்க்கால் குழுக்களும் விடாமல் உழைத்தது பெரிய காரணம்.

எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு கியாங்கானில் இருக்கிறது. அம்பங்கல் ஓடையில் 200 கிலோவாட் சிறு நீர்மின் நிலையம், 2010-ல் ஓடத் தொடங்கியது. மின்சாரம் விற்ற வருமானம் படிவயல் பாதுகாப்பு நிதிக்குப் போகிறது. தொகை சிறியது. ஆனால் காடு தண்ணீரைக் கொடுக்கிறது, தண்ணீர் பணத்தைக் கொடுக்கிறது, பணம் சுவருக்குத் திரும்புகிறது.

23 ஜூலை 2024, மறுபடி

இதையும் சொல்லிவிடுகிறேன். பனாவே வாய்க்கால்களில் ஓடும் தண்ணீர் கடைசியில் மகாட் ஆற்றில் சேர்கிறது. அந்த ஆற்றில் இஃபுகாவ், இசபேலா எல்லையில் 1980களின் தொடக்கத்தில் முடிந்த மகாட் அணை நிற்கிறது. கட்டியபோது 360 மெகாவாட் மின்சாரம், கீழே காகயான் பள்ளத்தாக்கில் சுமார் 85,000 ஹெக்டேர் பாசனம். நாட்டின் நெல் களஞ்சியங்களில் ஒன்று அது. மேலே முயோங்கை வெட்டாமல் வைத்திருப்பவர்கள் இல்லையென்றால் அந்த அணை இன்னும் வேகமாகத் தூர்ந்துபோகும்.

ஆக, "ஏழை ஊர் எப்படிக் காப்பாற்றும்" என்று கேட்டீர்களே, அந்த ஏழை ஊர் கீழே இருக்கும் பணக்கார வயல்களையும் சேர்த்துக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அணை வருமானத்தில் மேல்பகுதிக்கு உரிய பங்கு வேண்டும் என்று இஃபுகாவ் கேட்பதை அந்த வெளிச்சத்தில் பாருங்கள். சலுகை கேட்கவில்லை, செய்த வேலைக்குக் கூலி கேட்கிறார்கள்.

25 ஜூலை 2024

எப்போது போகலாம் என்று நிறையப் பேர் கேட்டிருப்பதால்: நடவு முடிந்து பச்சை பிடித்திருப்பது ஏப்ரல், மே. ஏப்ரலில் பனாவேயில் இம்பாயா திருவிழா, மரத்தாலான ஸ்கூட்டரில் மலைச்சாலையில் பந்தயம் விடுவார்கள். கதிர் மஞ்சளாகத் தெரிவது ஜூன் கடைசி, ஜூலை. மழைக்காலத்தில் சாலை அடைபடும், ஒரு நாள் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முனிசிபல் சுற்றுலா அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டு, அந்தந்தப் பரங்காயைச் சேர்ந்த வழிகாட்டியையே கேட்டு வாங்குங்கள். தினாவோன் அரிசி கிடைத்தால் வயல்காரரிடமே வாங்குங்கள். தண்ணீர் கொஞ்சம் குறைத்து வையுங்கள், சீக்கிரம் குழைந்துவிடும்.